பாண்காரரின் பாட்டு எங்கே இருக்கிறது?

(உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவி ஒருவர்)

பின்னேரம் நாலரை மணிக்கு எங்கள் ஒழுங்கைக்குள் முதலில் நுழைவது பாட்டுத்தான். வண்டி பிறகுதான் வரும். மதிலுக்கு அப்பால் எதுவும் தெரியாது. ஆனாலும் அந்த மெட்டின் முதல் இரண்டு சுரங்களும் மாறி மாறி ஒலிக்கத் தொடங்கியதும் தம்பி சில்லறையைத் தேடுவான். உம்மா தேநீருக்குத் தண்ணீர் வைப்பார். உம்மம்மா முன்வாசலுக்கு வந்து நின்று, "மகள், கிம்புலா பணிஸ் இருந்தா எனக்கு ஒண்டு" என்பார்.

அன்றும் அப்படித்தான். நான் வாசற்படியில் கையில் ஒன்றுமில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்போது ஒரு கேள்வி வந்தது. இந்தப் பாட்டு எங்கே இருக்கிறது? வண்டியின் ஒலிபெருக்கியிலா, வண்டிக்கும் எனக்கும் இடையிலுள்ள காற்றிலா, என் காதிலா, அல்லது தலைக்குள்ளா? வாய்விட்டுக் கேட்டும் விட்டேன்.

"அடுத்த வருஷம் உயர்தரம் எழுதப் போறவ கேக்கிற கேள்வியா இது? வேலையில்லாட்டி இப்படித்தான்" என்றார் உம்மா.

உம்மாவை நான் குறை சொல்லவில்லை. பரீட்சை நெருங்க நெருங்க வீட்டில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு விலை வந்துவிடுகிறது. பாடசாலை விட்டால் பிரத்தியேக வகுப்பு, வகுப்பு விட்டால் கடந்தகால வினாத்தாள். இடையில் ஒரு பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் பெற்றோருக்குப் பதறத்தான் செய்யும். ஆனால் அன்றைய அந்த வீண் கேள்வி சில மாதங்களின் பின் எங்கள் வீட்டில் ஒருவருடைய கண்ணீரைத் துடைக்க உதவியது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சும்மா இருக்கும் நேரத்தில் வரும் கேள்விகளைத் துரத்திவிட வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கு என் ஆதாரம் ஒரு பாண்வண்டி.

இசை பற்றி நம்மிடையே பலவிதக் கருத்துகள் உண்டு. எது ஆகும், எது ஆகாது என்று தீர்ப்புச் சொல்ல எனக்குக் கல்வியும் இல்லை, வயதும் இல்லை. அதைக் கற்றவர்களிடம் விட்டுவிடுகிறேன். பாண்காரரின் பாட்டோ யாருடைய அனுமதியையும் கேட்டு வருவதில்லை. வானொலி இல்லாத வீட்டுக்குள்ளும் அது நுழைகிறது. நுழைந்த ஒன்றைப் பற்றி யோசிப்பதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தப் பாட்டின் பூர்வீகத்தைப் பார்ப்போம். நம் நாட்டில் பல சூன் பாண் வண்டிகள் ஒலிக்கவிடும் அந்த மெட்டு ஜெர்மானிய இசைமேதை பீத்தோவன் 1810இல் எழுதியது. 'எலிஸுக்காக' என்ற பெயரில் உலகம் அதை அறிந்திருக்கிறது. அந்த எலிஸ் யார் என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். பீத்தோவன் 1827இல் இறந்துவிட்டார். அந்த இசை அச்சில் வந்ததோ 1867இல், அதாவது அவர் இறந்து நாற்பது வருடங்களின் பின். தன் கடதாசிகளுக்கிடையே கிடந்த ஒரு சிறு மெட்டு, தான் பார்த்தேயிராத ஒரு தீவில், மூன்று சில்லு வண்டியொன்றில், சீனி தூவிய பணிசுக்கு மணியடிக்கும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

'சூன்' என்பது மெட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் நம் நாட்டுப் பேச்சு வழக்கில் அடைந்த உருவம். 'பாண்' போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். வண்டி இந்தியாவில் செய்தது. இத்தனை தேசங்கள் ஒன்றுசேர்ந்து எங்கள் வாசலுக்கு வருகின்றன. நாங்களோ பணிஸ் சூடா என்று மட்டும் பார்க்கிறோம்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். பாட்டு காற்றில் இருக்கிறதா?

பௌதிகவியல் சொல்லும் விடை கொஞ்சம் ஏமாற்றமானது. காற்றில் பாட்டு என்று ஒன்றில்லை. காற்றில் இருப்பது அமுக்கம் கூடுவதும் குறைவதும் மட்டுமே. ஒலிபெருக்கியின் மெல்லிய தகடு முன்னும் பின்னும் அதிர, அந்த அதிர்வு செக்கனுக்குச் சுமார் 340 மீற்றர் வேகத்தில் பரவி நம் செவிப்பறையைத் தட்டுகிறது. அந்தத் தட்டலுக்கு இனிமையும் இல்லை, சோகமும் இல்லை. உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் சுமார் 15,000 மயிர்க்கலங்கள் அந்த அதிர்வை மின் கணத்தாக்கங்களாக மாற்றி மூளைக்கு அனுப்புகின்றன. மூளைக்குள் சென்ற பிறகுதான் அது பாட்டாகிறது. தம்பிக்குப் பசியாகிறது. உம்மாவுக்கு 'நாலரை மணி' ஆகிறது.

அந்தப் பாட்டு எல்லோருக்கும் ஒன்றா என்றால் அதுவும் இல்லை. வண்டி எங்களை நோக்கி வரும்போது சுருதி சற்று ஏறியும், கடந்து போகும்போது சற்று இறங்கியும் கேட்கும். 1842இல் ஒஸ்திரிய விஞ்ஞானி தொப்ளர் விளக்கிய விளைவு இது. 1845இல் ஒல்லாந்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஓடும் புகையிரதத்தில் ஊதுகுழல் வாசிப்பவர்களை ஏற்றிவிட்டு, தரையில் நின்ற இசைக்கலைஞர்களைக் கொண்டு சுருதி மாறுகிறதா என்று கேட்டறிந்தார்கள். மாறத்தான் செய்தது.

நான் வகுப்பில் படித்ததை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். பாண்வண்டி மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் எங்கள் வாசலைக் கடந்தால், வரும்போதும் போகும்போதும் கேட்கும் மீடிறன்களுக்கு இடையே சுமார் 5 சதவீத வித்தியாசம் வரும். அந்த மெட்டின் தொடக்கத்தில் மாறி மாறி வரும் இரண்டு சுரங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் சுமார் 6 சதவீதம்தான். அப்படியானால் வண்டி எங்களைக் கடக்கும்போது முழுப் பாட்டும் ஏறக்குறைய ஒரு சுரம் கீழே இறங்கிவிடுகிறது. வண்டியோட்டும் பாண்காரருக்கோ எந்த மாற்றமும் கேட்காது. அவர் கேட்பதும் உண்மை, நான் கேட்பதும் உண்மை. ஒரே பாட்டு, ஒரே நேரம், இரண்டு சுருதி.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது வாப்பாவின் குரல். வாப்பா கட்டாரில் வேலை செய்கிறார். வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசியில் கதைப்பார். வாப்பாவின் குரல் கனமானது. அவர் "மகள்" என்றால் நெஞ்சுக்குள் அதிரும். ஆண்குரல்களின் அடிப்படை மீடிறன் பெரும்பாலும் 100 ஹேர்ட்ஸை ஒட்டி இருக்கும். ஆனால் பழைய தொலைபேசி இணைப்புகள் 300இலிருந்து 3,400 ஹேர்ட்ஸ் வரையான ஒலிகளை மட்டுமே கொண்டுசெல்வதற்கு அமைக்கப்பட்டவை. இன்றைய கைத்தொலைபேசியின் சின்னஞ்சிறு ஒலிபெருக்கிக்கும் அத்தனை தாழ்ந்த ஒலியைச் சரிவர எழுப்பும் வலு இல்லை. அப்படியானால் நான் கேட்கும் அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது?

மூளையிலிருந்துதான். வந்து சேர்ந்த மேல் ஒலிகளின் ஒழுங்கைக் கண்டு, 'இவற்றுக்குக் கீழே இன்ன ஒலி இருந்திருக்க வேண்டும்' என்று மூளை தானே கணித்து நிரப்பிக்கொள்கிறது. இதை அறிந்த வெள்ளிக்கிழமை எனக்கு அழுகை வந்துவிட்டது. வாப்பாவின் குரலில் எனக்குப் பிடித்த பகுதி கட்டாரிலிருந்து வந்து சேரவே இல்லை. அது என்னிடமே இருந்திருக்கிறது.

அப்படியானால் எது உண்மை? காதை நம்பலாமா? நான்தான் பெரிதாக இதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் ஆசிரியை ஒருவர் சிரித்துவிட்டு, "இமாம் கஸ்ஸாலி இதை ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னரே கேட்டுவிட்டாரே" என்றார். 1111இல் மறைந்த அந்தப் பேரறிஞர் 'அல்முன்கித் மினழ் ழலால்' என்ற தன்வரலாற்று நூலில் புலன்களை ஒவ்வொன்றாக விசாரணை செய்கிறார். கண்ணுக்கு நிழல் அசையாமல் நிற்பதாகத் தெரிகிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அது நகர்ந்திருக்கிறது. நட்சத்திரம் ஒரு தீனார் நாணயத்தின் அளவில் தெரிகிறது. அது பூமியைவிடப் பெரியது என்று கேத்திரகணிதம் நிரூபிக்கிறது. கனவில் கண்டதைக் கனவு முடியும்வரை உண்மை என்றே நம்புகிறோம். அப்படியானால் விழித்திருக்கும்போது காண்பதை எந்தத் துணிவில் நம்புவது? இந்தச் சந்தேகம் தன்னை ஏறக்குறைய இரண்டு மாதங்கள் ஒரு நோய்போல் வாட்டியதாக அவர் எழுதுகிறார்.

கஸ்ஸாலி இமாம் அந்தக் கேள்வியைத் துரத்திவிடவில்லை. பயந்து ஓடவும் இல்லை. அதன் ஊடாக நடந்து மறுகரைக்குப் போனார். கேள்வி கேட்டால் பிள்ளை தடம் மாறிவிடும் என்று அஞ்சும் பெற்றோர் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னது யோசனை. இனிச் சொல்வது எங்கள் வீட்டில் நடந்தது.

சென்ற வருடம் உம்மம்மா நடுச்சாமத்தில் எழுந்து முன்கதவைத் திறக்கத் தொடங்கினார். கேட்டால், "பாண்காரன் வந்து நிக்கிறான். பாட்டுக் கேக்குதே, உங்களுக்குக் கேக்கலையா?" என்பார். எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. வெளியே தெருவிளக்கும் ஒரு நாயும் மட்டுமே. இரண்டாம் இரவும் அப்படி. மூன்றாம் இரவும் அப்படி.

வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் மறதி நோய் தொடங்கிவிட்டது என்றார். இன்னொருவர் இது வேறு ஏதோ தொந்தரவு என்று குரலைத் தாழ்த்தினார். ஓதிய தண்ணீர் வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கைக் கதையானது. சில நாட்களில் உம்மம்மா பாட்டைப் பற்றிக் கதைப்பதையே நிறுத்திவிட்டார். பாட்டு நின்றுவிட்டது என்று எல்லோரும் நிம்மதியடைந்தார்கள். ஆனால் ஒரு நாள் தஹஜ்ஜுத் நேரத்தில் தொழுகைப் பாயில் அவர் அழுதுகொண்டிருந்ததை நான் கண்டேன். "எனக்குப் பைத்தியம் பிடிச்சிட்டா, மகள்?" என்று கேட்டார்.

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அப்போது வாசற்படிக் கேள்வி நினைவுக்கு வந்தது. பாட்டு எங்கே இருக்கிறது? அதையே வேறுவிதமாகக் கேட்டேன்.

"உம்மம்மா, அந்தப் பாட்டு தூரத்தில இருந்து கிட்ட வாறது போல கேக்குதா? கூடிக் குறையுதா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். அதுவரை யாரும் அவரிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டிருக்கவில்லை.

"இல்ல மகள். ஒரே இடத்தில நிண்டு பாடுது."

"காதைப் பொத்தினா?"

பொத்திப் பார்த்தார். "அப்பவும் கேக்குது."

வெளியே ஒரு வண்டி வந்தால் ஒலி கூட வேண்டும், கடந்தால் குறைய வேண்டும், காதைப் பொத்தினால் மங்க வேண்டும். இந்தப் பாட்டு அதில் எதையுமே செய்யவில்லை. ஆகவே வெளியே வண்டி இல்லை. ஆனால் உம்மம்மா பொய்யும் சொல்லவில்லை, கற்பனையும் செய்யவில்லை. வாப்பாவின் குரலில் இல்லாத ஒலியை என் மூளை நிரப்பியதைப்போல, அவருடைய மூளையும் எதையோ நிரப்புகிறது என்று எனக்குத் தோன்றியது. சில வருடங்களாக அவருக்குக் காது மந்தம் என்பதும் அப்போதுதான் உறைத்தது. நாங்கள்தான் அதை வயது என்று விட்டுவிட்டோம்.

உம்மாவிடம் சொன்னேன். இம்முறை அவர் ஏசவில்லை. காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரிடம் போனோம். கேட்டல் பரிசோதனையில் இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் நன்றாகக் குறைந்திருந்தது தெரிந்தது. வைத்தியர் ஆறுதலாக விளக்கினார். கேட்கும் திறன் குறைந்த முதியவர்கள் சிலருக்கு இப்படிப் பாட்டுக் கேட்பது மருத்துவம் அறிந்த ஒன்று. காதிலிருந்து செய்தி வருவது குறையும்போது, மூளை தனக்குப் பழக்கமானதைத் தானே ஒலிக்கவிடுகிறது. இது மட்டுமே பைத்தியத்தின் அடையாளம் ஆகாது. வேறு காரணங்கள் இருக்கின்றனவா என்றும் சோதித்தார். பிறகு கேட்டல் கருவி ஒன்றைப் பொருத்திக்கொள்ளச் சொன்னார்.

பாட்டு முற்றாக நின்றுவிடவில்லை. குறைந்திருக்கிறது. ஆனால் உம்மம்மாவின் பயம் போய்விட்டது. அந்த அழுகைக்குக் காரணம் பாட்டு அல்ல, யாரும் நம்பவில்லை என்பதுதான் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

இங்கே மீண்டும் அந்த மெட்டை எழுதிய மனிதர் நினைவுக்கு வருகிறார். பீத்தோவனுக்கு முப்பது வயதை எட்டுவதற்கு முன்னரே காது மங்கத் தொடங்கிவிட்டது. 1802இல் தன் சகோதரர்களுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அனுப்பப்படாமலே இருந்த அந்தக் கடிதம் அவர் இறந்த பிறகுதான் வெளியே வந்தது. தன் பக்கத்தில் நின்ற ஒருவருக்குத் தூரத்துக் குழலோசை கேட்டது, தனக்குக் கேட்கவில்லை, அந்த அவமானம் தன்னை வாழ்வின் விளிம்புக்கே தள்ளியது என்று அதில் சொல்கிறார். எல்லோருக்கும் கேட்டது அவருக்குக் கேட்கவில்லை. யாருக்கும் கேட்காதது உம்மம்மாவுக்குக் கேட்டது. இருவரும் தனித்துப் போனார்கள். அந்தத் தனிமையில் இருந்த மனிதர் எட்டு வருடங்கள் கழித்து எழுதிய மெட்டுத்தான் எங்கள் உம்மம்மாவின் தலைக்குள் நடுச்சாமத்தில் ஒலித்திருக்கிறது.

ஆகவே தோழியரே, எது யதார்த்தம் என்ற கேள்வி தத்துவப் புத்தகத்தில் மட்டும் இருக்கும் ஒன்றல்ல. 'எனக்குக் கேட்கவில்லை, ஆகவே அது இல்லை' என்று நாம் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கேள்விக்கு அவசரமாக ஒரு விடை எழுதிவிடுகிறோம். தலைவலிக்கிறது என்று சொல்லும் வகுப்புத் தோழிக்கும், மனம் சரியில்லை என்று சொல்லும் ராத்தாவுக்கும் இதையேதான் செய்கிறோம். நம் காதே முழுவதையும் கேட்பதில்லை, கேட்டதிலும் பாதியை அதுவே இட்டு நிரப்புகிறது என்று தெரிந்த ஒருவர், மற்றவருடைய அனுபவத்தைத் தீர்த்துச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வியாவது கேட்பார்.

ஒரு நியாயமான எதிர்வாதத்தையும் சொல்ல வேண்டும். 'எல்லாப் பிள்ளைகளும் வாசற்படியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தால் பரீட்சையை யார் எழுதுவது?' என்று கேட்கலாம். உண்மைதான். யோசனை மட்டும் போதாது. நான் புத்தகத்தைத் திறந்திருக்காவிட்டால் தொப்ளரைத் தெரிந்திருக்காது. ஆசிரியையிடம் போயிருக்காவிட்டால் கஸ்ஸாலி இமாமிடம் வந்திருக்க மாட்டேன். வைத்தியரிடம் போயிருக்காவிட்டால் உம்மம்மா இன்னும் அழுதுகொண்டிருப்பார். கேள்விக்குப் பின்னால் உழைப்பு வராவிட்டால் அது வெறும் பகற்கனவு. ஆனால் கேள்வியே இல்லாமல் படித்த தொப்ளர் விளைவு எனக்கு நாலு மதிப்பெண்ணுக்கான ஒரு சமன்பாடாக மட்டும் இருந்தது. படிப்பும் வாழ்க்கையும் சந்தித்தது அந்த வாசற்படியில்தான்.

பெற்றோரிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நாளில் ஒரு கால் மணி நேரம். வகுப்பும் இல்லாமல், கைத்தொலைபேசியும் இல்லாமல், பிள்ளை சும்மா இருக்க ஒரு கால் மணி நேரம். கைத்தொலைபேசியை நான் வேண்டுமென்றே சேர்க்கிறேன். எங்கள் சும்மா நேரத்தைப் பறிப்பது பெற்றோர் மட்டுமல்ல, நாங்களும்தான். அந்த நேரத்தில் அவளைப் பார்த்து "என்ன யோசன?" என்று கேளுங்கள். இந்த இரண்டு சொற்களை ஒரு சுருதியில் சொன்னால் அது ஏச்சு. இன்னொரு சுருதியில் சொன்னால் அது பக்கத்தில் வந்து உட்காருவது. எந்தச் சுருதி என்பதைப் பிள்ளையின் காது உடனே கண்டுகொள்ளும்.

நேற்றுப் பின்னேரமும் பாட்டு வந்தது. உம்மம்மா கருவியைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மகள், இது உள்ள பாடுதா, வெளிய பாடுதா?"

"வெளிய, உம்மம்மா."

"அப்ப ரெண்டு கிம்புலா வாங்கு."